ஒரு அங்குலம் குட்டை

காலை ஏழு பத்துக்கு கோல்ஃப் மைதானத்து வாசலில் அவர் காரைப் பூட்டினார். பத்தடி நடந்தபின் சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்க் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார். பூட்டித்தான் இருந்தது.

சொல்ல வேண்டியது இரண்டே வரி. மற்ற எல்லோருக்கும் மனைவியின் அண்ணன் ஃபோன் செய்து சொல்லிவிட்டார். கோல்ஃப் பயிற்சியாளரின் எண் மட்டும் அவளுடைய ஃபோனில் இருந்தது. அதைத் திறக்க யாருக்கும் தெரியவில்லை.

"மாப்ள, அவருக்கு மட்டும் நீங்களே நேர்ல சொல்லிடுங்க" என்றிருந்தார் அண்ணன்.

வரும் வழியில் சிக்னலில் சொல்லிப் பார்த்தார். "அவ போயிட்டா. பதினெட்டு நாளாச்சு." யார் வீட்டுத் துக்கமோ போலிருந்தது.

பயிற்சியாளர் மூன்று வார விடுப்பு முடிந்து அன்றுதான் வந்திருந்தார். முழங்காலில் பட்டை கட்டியிருந்தது.

"வாங்க சார். நான் இல்லன்னதும் புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் மட்டம் போட்டாச்சு, அப்படித்தானே?"

"ஆமா."

தன் பையில் கைக்கு அகப்பட்ட வெட்ஜ் மட்டையை உருவிக்கொண்டு, குழி இருக்கும் புல்தரையான கிரீனின் விளிம்பில் போய் நின்றார். பந்து கொஞ்சமாக எழும்பி, விழுந்து, மிச்ச தூரம் உருண்டு குழிக்குப் போக வேண்டும். முதல் பந்து புல்லோடு சீறிப்போய் எதிர்ப்பக்க மணலில் விழுந்தது. இரண்டாவதும் அங்கேயே போனது.

"நீங்க தூக்கி விடப் பாக்கறீங்க சார். தூக்கற வேலையை வெட்ஜ் பாத்துக்கும். மணிக்கட்டை மடக்காதீங்க. எடை இடது கால்ல இருக்கட்டும்."

அவள் இருந்தால் பின்னாலிருந்து சொல்லியிருப்பாள்: "பந்துக்கென்ன முட்டிவலியா, கைகொடுத்துத் தூக்கி விட?" எட்டு வகுப்பும் சேர்ந்துதான் வந்தார்கள். எட்டிலும் அதையே சொன்னாள்.

எடையை இடது காலுக்கு மாற்றினார். பந்துக் கூடை காலியானதும் சொல்லிவிடலாம் என்று முடிவு செய்தார். பந்துகள் ஒவ்வொன்றாக மணலுக்குப் போயின. அடிபடும் சத்தம் கேட்டது. உள்ளங்கையில் அதிர்வு ஒன்றும் தெரியவில்லை.

கடைசிப் பந்தும் போயிற்று. கூடையின் அடியில் ஈரப்புல் ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பதினெட்டு" என்றார்.

"என்ன சார்?"

"ஒண்ணுமில்ல."

பயிற்சியாளர் வெட்ஜை வாங்கித் தன் தொடையோடு நிறுத்தி அளந்தார்.

"அதானே பாத்தேன். ஒரு அங்குலம் குட்டை. உங்க உயரத்துக்கு இத வெச்சு அடிச்சா பந்தோட மண்டையிலதான் படும். டேப்பைப் பாருங்க, மேடம் சுத்தினது."

கைப்பிடியில் வெள்ளை டேப் இருந்தது. நுனியைப் பல்லால் கடித்துத்தான் அறுப்பாள்.

பயிற்சியாளர் பையிலிருந்து அவர் உயரத்துக்கான வெட்ஜைத் தேடி எடுத்து அவர் கையில் திணித்தார். மற்றதைத் தோளில் சாய்த்துக்கொண்டு கார்கள் நிற்கும் பக்கம் பார்த்தார்.

"இத நீங்க தூக்கிட்டு வந்துட்டா, மேடம் எதை வெச்சு அடிப்பாங்க சார்?"