மழைப் பாட்டு யாருடையது

நாலு மணிக்கு வண்டி வந்துவிடும். மகள் அதற்குள் மூன்று முறை பாஸ்வேர்டைத் தப்பாக அடித்துவிட்டாள். கூடத்தில் அப்பாவின் உடல் கிடந்தது. அவள் உள்ளறைக் கதவை ஒருக்களித்துவிட்டு, மடியில் லேப்டாப்போடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தும் உட்காராமலும் இருந்தாள்.

அப்பா இசையமைப்பாளர். அவருடைய பாட்டுகளை நாலு வருஷத்துக்கு முன்பு இணையத்தில் ஏற்றியது அவள்தான். பீரோவில் கிடந்த நோட்டுகளில் ஸ்வரம் அப்பா கையெழுத்தில் இருந்தால் பாட்டும் அப்பாவுடையது என்று கண்ணை மூடிக்கொண்டு பெயர் போட்டாள். அப்பாவிடம் வாசிக்கும் வயலின் மாமாவுக்கு ஸ்வரம் எழுத வராது. அவர் வாசித்துக் காட்டுவதை அப்பாதான் எழுதி வைப்பார். அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அப்படித்தான் படத்தில் சேராமல் போன மாமாவின் மழைப் பாட்டு அப்பா பெயரில் போய்விட்டது.

மாற்றச் சொல்லியிருந்த அப்பா பிறகு ஒரு நாள் கேட்டார், "பாப்பா, மழைப் பாட்ட மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்ப்பா."

போன வாரம் ஆஸ்பத்திரியிலும் கேட்டார். அதே பொய்யைத்தான் சொன்னாள். இதில் என்ன தலைபோகிற அவசரம் என்று அப்போது இருந்தது.

காலையிலிருந்து எந்தப் போனைத் திறந்தாலும் அந்தப் பாட்டுதான். செத்தவரின் ஆகச் சிறந்த மெட்டாம். மெட்டுக்குச் சொந்தக்காரரோ வாசலில் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் இருப்பது பட்டன் போன். யார் பெயர் போட்டிருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

தம்பி எட்டிப் பார்த்தான். "அக்கா, டிவிக்காரங்க வந்திருக்காங்க. மழைப் பாட்டப் பத்தி ரெண்டு வார்த்தை பேசணுமாம்."

"அது அப்பா பாட்டு இல்லடா. மாமாவோடது."

அவன் உள்ளே வந்து கதவைச் சாத்தினான். "அத இன்னிக்கா சொல்லணும்? அப்பா திருடிட்டார்னு போடுவாங்க. ஒரு மாசம் போகட்டுமே."

"நாலு வருஷம் போயாச்சு. நான்தான் தப்பாப் போட்டேன்னு சொல்லு. திட்டுறவங்க என்னயத் திட்டட்டும்."

அவன் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

நாலாவது முறை பாஸ்வேர்டு சரியாக விழுந்தது. பாட்டைத் தேடி எடுத்து அப்பாவின் பெயரை அழித்தாள். காலிக் கட்டத்தில் 'வ' என்று அடித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். வயலின் மாமா. அதற்கு மேல் தெரியவில்லை. முப்பது வருஷமாக வீட்டுக்கு வந்துபோகிற மனிதர், அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

"டேய், மாமா பேரு என்னடா?"

தம்பி யோசித்தான். தன் போனை எடுத்துப் பார்த்தான். அதிலும் வயலின் மாமாதான்.

அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். மாமா அப்பாவின் கால்மாட்டில் நின்றிருந்தார்.

"மாமா, உங்க பேரு என்ன?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "காலைலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கல நீ. போய் ஏதாவது சாப்பிடும்மா."

"மழைப் பாட்டுக்குப் போடணும். சொல்லுங்க மாமா."

மாமா திரையைப் பார்த்தார். பிறகு அப்பாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வாய்க்குள்ளேயே சொன்னார்.

"கேக்கல மாமா."

இந்த முறை இனிஷியலோடு சத்தமாகச் சொன்னார். கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.