யாரும் பார்க்காத பன்னிரண்டு இடங்கள்

தர்மபுரியில் பார்க்க என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் மரிய ஆனந்துக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மின்வாரியத்தில் பதினொரு வருடமாக மீட்டர் ரீடிங் எடுக்கிறவர் அவர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஊரின் ஒவ்வொரு சந்துக்குள்ளும் நுழைந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வருகிறவர். அப்படிப்பட்டவரிடம் போய், ஒகேனக்கல் போகிற வழியில் டீ குடிக்க இறங்குகிற ஊர்தானே என்று சொன்னால் மனிதர் சும்மா இருப்பாரா?

சும்மா இருக்கவில்லை. ஒரு தாள் எழுதினார். 'தர்மபுரியில் யாரும் பார்க்காத பன்னிரண்டு இடங்கள். தாளைக் கையில் வைத்துக்கொண்டு நீங்களே நடக்கலாம்' என்பது தலைப்பு. கீழே அவரே வரைந்த வரைபடம், இடத்துக்கு நாலு வரி விளக்கம். முதல் இடம், மூடி போட்டுப் பூட்டிய கிணறு. சாவி யாரிடம் என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. மூன்றாவது, அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் சமையலறை ஜன்னலுக்கு நடுவே சுவர் போகிற வீடு. நான்காவது, மாடி கட்டாமலே விட்டதால் வானத்தில் போய் முடிகிற படிக்கட்டு. ஏழாவது, எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் திரும்ப இடமில்லாமல் பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டிய சந்து. பன்னிரண்டாவது, மூன்றே மேசை போட்ட களிக்கடை. இருநூறு பிரதி எடுத்து டீக்கடை, மருந்துக்கடை, மாதா கோயில் அறிவிப்புப் பலகை என்று ஓர் இடம் விடாமல் வைத்துவிட்டு வந்தார்.

மூன்று மாதம் ஆயிற்று. ஈ காக்கைகூட நடக்கவில்லை.

அவர் மனைவி மோனிஷா தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் மிச்சமிருந்த தாள் கட்டைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கடைசியில் கெடு வைத்துவிட்டாள்.

"ஏங்க, வர ஞாயித்துக்கெழமைக்குள்ள ஒரே ஒரு ஆளு பன்னெண்டு எடமும் முழுசா நடந்து காட்டட்டும். அப்புறம் இதப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன். இல்லன்னா கட்டோட பஜ்ஜி கடைக்குத்தான்."

"நீயே ஒருக்கா நடந்து பாரேன்."

"எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு?"

அந்த வார்த்தை அவருக்குச் சுருக்கென்று தைத்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்த கையோடு பூட்டிய கிணற்றுக்கு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தார். மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அதிசயம் நடந்தது. வெள்ளை வேட்டி சட்டை, கக்கத்தில் குடை, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் கடை வாசலில் நின்றார். கையில் அந்தத் தாள்!

மரிய ஆனந்துக்கு ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் நீங்களே நடக்கலாம் என்று தாளில் போட்டுவிட்டுப் பின்னால் போய் நிற்பது முறையா? மறைந்து மறைந்து தொடர்ந்தார்.

குடைக்காரர் கிணற்றைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டாவது இடத்தைத் தாண்டினார். அண்ணன் தம்பி ஜன்னலை, இந்தியாவிலேயே இப்படி ஒரு ஜன்னல் கிடையாது என்று மரிய ஆனந்த் சத்தியம் செய்யக்கூடிய அந்த ஜன்னலை, ஏதோ மளிகைக் கடையைத் தாண்டுவது போலத் தாண்டினார். 'அடப்பாவி மனுசா' என்று மரிய ஆனந்த் முணுமுணுத்தார்.

ஆனால் படிக்கட்டு இருந்த தெருவுக்கு வந்ததும் குடைக்காரர் நின்றார். நின்றவர் நின்றவர்தான். தாளைப் பார்த்தார், படிக்கட்டைப் பார்த்தார், எதிர் வீட்டைப் பார்த்தார். கால் மணி நேரம் நகரவில்லை. டிரான்ஸ்ஃபார்மர் வேலிக்குப் பின்னால் ஒளிந்திருந்த மரிய ஆனந்துக்குக் கண் கலங்கிவிட்டது. கிணறு புரியாவிட்டால் போகிறது, படிக்கட்டு புரிந்துவிட்டதே!

அப்போதுதான் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டு ராமக்காள் பால் பாத்திரத்தோடு வெளியே வந்தாள்.

"ரீடிங் சாரு! ஞாயித்துக்கெழமையுமா வந்துட்டீங்க? போன வாரந்தானே எடுத்தீங்க? ஏன் கம்பிக்குப் பின்னால குந்தினு இருக்கீங்க?"

அவள் குரலுக்கு நாலு கதவு திறந்தன. இரண்டு வீட்டில் படபடவென்று ஃபேன் நிறுத்துகிற சத்தம் கேட்டது. மரிய ஆனந்த் அசடு வழிய எழுந்து வந்து, நேராகக் குடைக்காரரிடம் போனார்.

"ஐயா, அந்தத் தாள எழுதுனது நாந்தாங்க. படிக்கட்டு எப்படிங்க இருக்குது?"

"எந்தப் படிக்கட்டு?" என்றார் குடைக்காரர்.

மரிய ஆனந்தை ஓரமாக இழுத்துக்கொண்டு போய்க் காதோடு காதாக விஷயத்தைச் சொன்னார். பேர் ராஜாமணி, ஊர் இண்டூர். அக்கா மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். எதிர் வீட்டுத் தமிழ்ச்செல்வன் மகள் எழிலரசி ஜாதகம் பொருந்தியிருக்கிறது. சரி என்று சொல்வதற்கு முன்னால் தாய்மாமன் போய்த் தெருவில் சத்தமில்லாமல் விசாரித்துவிட்டு வர வேண்டும், அதுதான் வழக்கம்.

"தெரியாத தெருவுல சும்மா நிக்க முடியுங்களா? போன தடவ மொரப்பூர்ல ஒரு வூட்டப் பாத்துனு நின்னேன். திருடன்னு சுத்தி வளைச்சுப் புடிச்சிட்டாங்க. நேத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இந்தத் தாளப் பாத்தேன். பாத்தா இதே தெரு! இதக் கையில வெச்சினு நின்னா ஒருத்தனும் ஒண்ணுங் கேக்க மாட்டான் பாருங்க. எழுதுன மகராசன் நல்லா இருக்கணும்."

மரிய ஆனந்துக்கு அழுகை வரும்போல் ஆகிவிட்டது. மூன்று மாதத்தில் வந்தது ஒரே ஒரு ஆள். அவரும் ஆள் பார்க்க வந்த ஆள். மோனிஷாவின் சிரிப்பும், பஜ்ஜி எண்ணெயைக் குடிக்கிற தாள்களும் கண்முன் வந்து போயின. அதே நேரத்தில் மூளையின் ஒரு மூலையில் வேறொன்று உதித்தது.

"ஐயா, இந்தத் தெருவுல எல்லா வூட்டுக்குள்ளயும் பதினோரு வருசமா போய் வரவன் நான். உங்களுக்கு என்ன தெரியணுமோ கேளுங்க. ஆனா எடத்துக்கு ஒரு கேள்வி. கெணத்துல ஆரம்பிச்சுக் களிக்கடை வரைக்கும் நடக்கணும். சம்மதமா?"

ராஜாமணி வெயிலைப் பார்த்தார். அக்காவை நினைத்தார். குடையை விரித்தார்.

கிணற்றடியில் முதல் கேள்வி வந்தது. "குடும்பம் எப்படிங்க?"

"யூனிட் கணக்கு வெளியில சொல்லக் கூடாதுங்க. ஆனா ஆளில்லாத ரூம்ல அவுங்க வூட்ல லைட்டு எரிஞ்சு நான் பாத்ததில்ல. இப்ப அந்தப் பூட்டப் பாருங்க. நல்லாப் பாருங்க."

ராஜாமணி நல்லாப் பார்த்தார். இரண்டாவது இடத்தில் அப்பா குடிப்பாரா என்று கேட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போனால் மனிதர் மோர் குடித்துக்கொண்டு சீரியல் பார்ப்பார் என்று பதில் வந்தது. ஜன்னலுக்கு முன்னால் அக்கம்பக்கத்தில் சண்டை சச்சரவு உண்டா என்றார். "ராமக்காளோட சாக்கடத் தகராறு உண்டு. ஆனா ராமக்காளோட தகராறு இல்லாத வூடு அந்தத் தெருவுல ஒண்ணுகூட இல்ல."

ஐந்தாவது இடத்தோடு கல்யாணக் கேள்விகள் தீர்ந்துவிட்டன. ஆனால் ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆறாவது இடத்தில், நல்ல செருப்பு எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்டார். ஏழாவது சந்தில் எதிரே ஒரு தாட்டியான நாய் வந்து நின்றுவிட்டது. நாய் பின்னால் நடக்கிற வகை இல்லை. இருவரும் சந்தின் நீளத்துக்கும் பின்னாலேயே நடந்து வெளியே வந்து, அது கம்பீரமாகக் கடந்து போன பிறகு மறுபடி நுழைந்தார்கள். அங்கே ராஜாமணி கேட்ட கேள்வி, "ஏனுங்க, உங்க வூட்ல உங்கள ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்களா?"

"சொல்லுவாங்க" என்றார் மரிய ஆனந்த்.

களிக்கடைக்கு வந்தபோது மணி ஒன்று. கருவாட்டுக் குழம்பில் களியைத் தோய்த்து இரண்டு உருண்டை விழுங்கியபின் ராஜாமணிக்குக் கடைசிக் கேள்வி ஞாபகம் வந்தது. "பொண்ணு எப்படிங்க?"

மரிய ஆனந்த் யோசித்தார். அடக்கமான பெண், தலை நிமிராது, வாய் பேசாது என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் கூட நடந்த மனிதரிடம் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"போன வருசம் ஒரு தடவ மூணு போடற எடத்துல எட்டு போட்டுட்டேங்க. அந்தப் பொண்ணு ஸ்டூல் போட்டு ஏறி, டார்ச் அடிச்சு, மீட்டரப் படிச்சுக் காட்டி என்ன மாத்தி எழுத வெச்சுது. அது போட்ட சத்தத்துல மூணு தெரு கூடிருச்சு. எல்லாம் முடிஞ்சப்புறம், வெயில்ல வந்தீங்களேன்னு மோர் குடுத்துது."

ராஜாமணி கையை உதறிக்கொண்டு கடகடவென்று சிரித்தார். "எங்கக்கா வூட்ல எந்நேரமும் மூணு ஃபேன் சும்மா சுத்துதுங்க. நிறுத்த ஒரு ஆளில்ல. இந்தப் பொண்ணேதான்."

களித் தட்டோடு ராஜாமணியைப் பிடித்த போட்டோவை மரிய ஆனந்த் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மோனிஷா ஃபோனை வாங்கி உற்றுப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். சொன்ன சொல் நினைவுக்கு வந்து மூடிக்கொண்டாள்.

அடுத்த மாதம் நிச்சயதார்த்தம் நடந்தது. பந்தியில் உட்கார்ந்து ராஜாமணி தன் சாகசத்தைச் சொல்ல, அது இண்டூரைத் தாண்டிப் பரவியது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை கிணற்றடியில் நாலு பேர் தாளோடு நின்றார்கள். அடுத்த வாரம் பதினொரு பேர். எல்லோரும் தாய்மாமன்கள், சித்தப்பாக்கள், அத்தைகள். தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு அதற்கு மேலாக வீடுகளை எட்டிப் பார்த்தார்கள். மருந்துக்கடையில் வைத்தது தீர்ந்து மரிய ஆனந்த் மறுபடி முந்நூறு பிரதி எடுத்தார். தெருக்காரர்கள் விவரமானார்கள். தாளோடு யார் வந்தாலும் பெண்கள் வாசலில் நின்று பாத்திரம் தேய்த்தார்கள். பையன்கள் குளித்துவிட்டு வந்து பைக் துடைத்தார்கள். ஒரு காலைவேளையில் முனிராஜ் என்ற ரேஷன் கடைக்காரர் வீடு தேடி வந்துவிட்டார்.

"சார், எங்க வூட்டு வாசலயும் ஒரு எடமாப் போட்டுடுங்க. பையனுக்கு முப்பத்திநாலு ஆவுது."

"உங்க வூட்ல பாக்க என்னங்க இருக்குது?"

"பையன்தான்."

"இது ஊரப் பாக்கற தாளுங்க! மாப்பிள்ளை பாக்கற தாளில்ல!" என்று மரிய ஆனந்த் சத்தம் போட்டு அனுப்பிவிட்டார். ஆனால் அன்று முழுக்க அவருக்கு மனசு சரியில்லை. அத்தனை பேர் நடக்கிறார்களே, அந்தக் கிணற்றுப் பூட்டை ஒருவராவது பார்த்தார்களா?

சாயங்காலம் மோனிஷா காபி வைத்தாள். கேட்காமலே இரண்டு முறுக்கும் வைத்தாள். ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவள் மடித்த தாள் ஒன்றை டம்ளருக்குப் பக்கத்தில் நகர்த்தினாள். அவள் கையெழுத்தில் இருந்தது: 'பதிமூன்றாவது இடம். அதியமான்கோட்டை, பச்சை கேட் வீடு.'

அது அவள் தம்பி ஆரோக்கியராஜின் வீடு. வயது முப்பத்தாறு.

"அது பஸ்ல போற எடம்டி. நடக்கற தூரமா?"

"பொண்ணு குடுக்கறவங்க நடப்பாங்க" என்றாள் மோனிஷா. பிறகு குரல் இறங்கியது. "அவனுக்கு எங்கியும் அமைய மாட்டேங்குதுங்க. அம்மா தெனம் ஃபோன்ல அழுவுது."

அந்தத் தாளை வைத்து அவளை ஒரு வாரம் கேலி செய்திருக்கலாம். மரிய ஆனந்துக்கு அது தோன்றவும் செய்தது. ஆனால் அவர் கேட்டது வேறு.

"போடறேன். ஆனா மொதல்ல நீ பன்னெண்டையும் நடக்கணும். கெணத்துலருந்து."

ஞாயிற்றுக்கிழமை நடந்தார்கள். கிணற்றடியில் அவள் மணியைப் பார்த்தாள். ஜன்னலுக்கு முன்னால் ஃபோனைப் பார்த்தாள். மரிய ஆனந்த் ஒன்றும் விளக்கவில்லை. கூடவே நடந்தார். படிக்கட்டில் அவள் கால் வலிக்கிறது என்று மேல்படி வரை ஏறி உட்கார்ந்தாள். "இங்கருந்து பாத்தா நம்ம மாதா கோயில் சிலுவ தெரியுது, ஏன் எழுதல?" என்றாள்.

பதினொரு வருடத்தில் அவர் அந்தப் படியில் ஏறிப் பார்த்ததே இல்லை.

ஏழாவது சந்தில் அதே நாய் எதிரே வந்தது. இருவரும் பின்னாலேயே நடந்தார்கள். மோனிஷா சிரித்த சிரிப்பில் ராமக்காள் நாலு வீடு தள்ளியிருந்து எட்டிப் பார்த்தாள். களிக்கடையில் உட்கார்ந்ததும் மோனிஷா கைப்பையிலிருந்து சிவப்பு மை பேனாவை எடுத்தாள். தாளை விரித்து, பரீட்சைப் பேப்பர் திருத்துவது போலக் குனிந்துகொண்டாள்.

"ஏழாவது எடத்துல நாயப் பத்தி ஒரு வரியும் இல்லியே" என்றாள். "அத விட்டுட்டு என்னத்தங்க எழுதுனீங்க?"

மரிய ஆனந்த் தன் தட்டிலிருந்த களியில் பாதியை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.