தலைகீழானால் வலது எது?

அரசாங்க அலுவலகம் ஒன்றில் வரைபடம் போடும் வேலையில் இருந்த நல்லகாமனுக்குக் கைவேலை படு சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம். எண்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அந்த வாய் அவரை வசமாக மாட்டிவிட்டது.

"நம்மூர்ப் பட்டமெல்லாம் ஒத்த நூல்ல கெடந்து ஆடும் சார். நான் செஞ்சிருக்கிறது ரெண்டு நூலு. வலதை இழுத்தா வலது பக்கம் திரும்பும், இடதை இழுத்தா இடது பக்கம். வானத்துல வட்டம் போடுன்னா போடும்" என்று மதியச் சாப்பாட்டின்போது அளந்துவிட்டார்.

தலைமை எழுத்தர் பட்டாபிராமன் தயிர்சாதத்திலிருந்து நிமிர்ந்தார். "பேஷ். ஞாயித்துக்கிழமை எல்லாரும் குடும்பத்தோட வரோம். காட்டுங்கோ."

நல்லகாமன் சொன்னதில் பாதி நிஜம். பழைய பேப்பர் கடையில் கிடைத்த இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில், இரட்டை நூல் பட்டம் செய்வது எப்படி என்று ஒரு பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்தது. பறக்க விடுவது எப்படி என்பது அடுத்த பக்கம். அந்தப் பக்கத்தை யாரோ கிழித்துக் கடலை மடித்துவிட்டார்கள் போலிருக்கிறது.

பட்டம் செய்த வரையில் குறை சொல்ல முடியாது. கோரிப்பாளையத்துக் குடை ரிப்பேர்காரரிடம் வாங்கிய கறுப்புத் துணி, செருப்புத் தைக்கிற நைலான் நூல், தீப்பெட்டிக் குச்சி கனத்துக்குச் சீவிய மூங்கில். இரண்டு நூலும் மயிரிழை வித்தியாசம் இல்லாமல் நூறடி இருக்க வேண்டும் என்று தெருவை அடைத்து இழுத்துக் கட்டி அளந்து, பால்காரரிடம் திட்டும் வாங்கினார். வாலுக்கு இருபது முழம் சிவப்பு ரிப்பன்.

பட்டம் விடத் தோதாக விளாங்குடிக் கண்மாய் வறண்டு கிடந்தது. ஆடிக் காற்றுக்கும் குறைவில்லை. ஆனால் முந்தின நாலு ஞாயிறும் ஒரே கதைதான். பட்டம் ஜம்மென்று மேலே போகும். வலதை இழுத்தால் அழகாக வலப்பக்கம் வளையும். வட்டத்தின் உச்சியைத் தாண்டி மூக்கைக் கீழே திருப்பியதும் அவருக்கு எல்லாம் மாறிப்போகும். பட்டம் தரையைப் பார்த்து வரும்போது அதன் வலது இவருக்கு இடது. பதறிப்போய் மறு நூலை இழுப்பார். பட்டம் நேராக வந்து கண்மாயில் குத்தும்.

ஒவ்வொரு தடவையும் நூலின் மறுமுனையில் நின்று பட்டத்தைத் தூக்கிப் பிடித்து விட்டவள் அவர் மனைவி சோலையம்மாள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் டிரில் டீச்சர். சனிக்கிழமை சாயங்கால ஒத்திகையில் பட்டம் மூன்றாவது முறை குத்தியதும் அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"குடுங்க இங்கிட்டு. ஒரே ஒரு தடவ."

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு நூலையும் வாங்கினாள். பட்டம் ஏறியது, வளைந்தது, தலைகீழானது. அவள் கை பதறவில்லை. வலதைப் பிடித்தது பிடித்தபடி இழுத்துக்கொண்டே இருந்தாள். பட்டம் தரைக்கு ஆறடி மேலே வளைந்து மறுபடி மேலே போயிற்று.

"இதுல என்ன இருக்கு? பிள்ளைகளுக்கு எதிர நின்னு 'வலது கையத் தூக்கு'ன்னு சொல்லையில நான் என் இடது கையத்தான் தூக்கணும். பதினாலு வருசமா அதத்தான செய்யுறேன்" என்றாள்.

நல்லகாமன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. வயிறு எரிந்தது. ஒரு மாசம் உட்கார்ந்து செய்தவர் அவர், ஒரு நிமிஷத்தில் வட்டம் போட்டவள் அவள்.

ஞாயிறு ஐந்து மணிக்குப் பட்டாபிராமன் ஜமக்காளமும் முறுக்கு டின்னுமாக வந்து இறங்கினார். பின்னாலேயே அலுவலகம் மொத்தமும். கண்மாய்க்கரையில் திருவிழாக் கூட்டம்.

நூலை நல்லகாமனே எடுத்துக்கொண்டார். சோலையம்மாள் பட்டத்தோடு அந்த முனைக்குப் போனாள். பட்டம் ஏறியது. கூட்டம் 'ஆ' என்றது. வளைந்தது, கவிழ்ந்தது, நேராக வந்து குத்தியது. குறுக்கு மூங்கில் படக்கென்று முறிந்தது.

"வட்டத்துல பாதி பாத்தாச்சு. மீதி எப்போ?" என்றார் பட்டாபிராமன். ஜமக்காளமே சிரிப்பில் குலுங்கியது.

நல்லகாமன் உட்கார்ந்து முறிவுக்கு மூங்கில் சிம்பு வைத்து நூல் சுற்றினார். இன்னொரு குத்துக்கு அது தாங்காது என்று அவருக்குத் தெரியும். இன்னும் ஒருமுறை தானே விட்டால் மானம் கப்பலேறும். மனைவி கையில் கொடுத்தால், தனக்கு விடத் தெரியாது என்று அலுவலகம் மொத்தத்துக்கும் எதிரில் ஒத்துக்கொண்டதாகிவிடும். சுற்றி முடித்த நூலையே ரொம்ப நேரம் சுற்றிக்கொண்டிருந்தார். கடைசியில் பட்டத்தைப் பார்த்தார். நல்ல பட்டம். அதற்கு வட்டம் போட வரும். தனக்கு வராததற்காக அதை ஏன் குத்திக் கொல்ல வேண்டும்?

எழுந்து, நூல் பிடிகளைச் சோலையம்மாள் கையில் வைத்தார்.

"சார், செய்யத்தான் எனக்குத் தெரியும். ஓட்டுறது இவ."

சொல்லி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது. பட்டத்தைத் தூக்கிக்கொண்டு அந்த முனைக்கு ஓடினார்.

விட்டார். தலைக்கு மேலே நூல் விண்ணென்று பாடியது. சிவப்பு வால் பின்னாலேயே ஓடி வானத்தில் வட்டம் வரைந்தது. முதல் வட்டம் முடிவதற்குள் அடுத்தது. பிறகு அவள் மறுபக்கம் திருப்பி ஒரு எட்டுப் போட்டாள். நல்லகாமன் அண்ணாந்து பார்த்தபடி வாய்விட்டுச் சிரித்தார். தான் செய்த பட்டம் இவ்வளவு அழகு என்று அன்றைக்குத்தான் பார்த்தார். நூல் அவர் கையில் இருந்தவரை ஏது பார்க்க?

"ஏங்க, இங்கிட்டு வாங்க" என்று டிரில் குரலில் கூப்பிட்டாள். போனார். இடது நூலை அவர் கையில் கொடுத்தாள். வலது அவளிடம்.

"ஐயோ, குத்திரும்டி."

"குத்தாது. பட்டத்தப் பாத்து ரோசன பண்ணாதீங்க. இழுன்னா இழுங்க, விடுன்னா விடுங்க."

தோளோடு தோள் உரச நின்றார்கள். "இழு... இன்னும் இழு..." பட்டம் இடப்பக்கம் வளைந்தது. கவிழ்ந்தது. நல்லகாமன் கண்ணை இறுக மூடிக்கொண்டார், கையை மட்டும் விடவில்லை. "இழு, இழு... இப்ப விடு."

ஜமக்காளத்துப் பக்கம் கைதட்டு எழுந்தபோது கண்ணைத் திறந்தார். பட்டம் உச்சியில் நின்றது.

பட்டாபிராமன் முறுக்கும் கையுமாக எழுந்து வந்துவிட்டார். "ஓய், இப்போ போட்டது யாரு? நீரா, அவங்களா?"

நல்லகாமனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

"தெரியல சார். செத்த சும்மா இருங்க, இன்னொண்ணு போட்டுப் பாத்துச் சொல்றோம்" என்றார்.