மேய்ச்சலுக்குப் போன பைகள்

உம்சுனாய் தைத்து விற்ற இருபத்து மூன்று தோல் பைகளும் மே மாதம் ஒன்பதாம் தேதி பிஷ்கெக் நகரைவிட்டுப் புறப்பட்டு, பதினோரு நாள் நடந்து, மலையூரான அத்-பாஷியில் அவள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தன. வழியில் தோலோன் கணவாயில் லாரி ஓட்டுகிறவர்கள் அவற்றைப் பார்த்தார்கள். மந்தை குறுக்கே போனால் செய்வதைப்போல வண்டியை நிறுத்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார்கள். ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு லேப்டாப் இருந்தது. இரண்டில் மதியச் சாப்பாடும் இருந்தது, அது கெட்டுப்போயிருந்தது.

அவை ஜனவரிவரை மாடுகளாக இருந்தவை. அந்தக் குளிர்காலத்தில் பனியின்மேல் மழை பெய்து, கண்ணாடியாக இறுகிவிட்டது. அடியில் புல் இருந்தும் மாடுகளின் வாய்க்கு எட்டவில்லை. உம்சுனாயின் கணவன் கெரிம்பெக் கடப்பாரையால் உடைத்து உடைத்து உள்ளங்கை கிழிந்ததுதான் மிச்சம். பத்தொன்பது நாளில் அத்தனையும் பட்டினியில் செத்தன. கடைசி மாடு விழுந்த அன்று அவன் உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்தான். அதன்பின் பேசவில்லை. ரொட்டியைத் தேநீரில் நனைத்து வாயில் வைத்தால் விழுங்கினான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. மாவுச் சாக்கில் அடி தெரிந்தபோது உம்சுனாய் தோல்களைப் புளித்த மோரிலும் உப்பிலும் ஊறப்போட்டாள், புகையில் வாட்டினாள். பட்டினி கிடந்த மாட்டுக்கு முதுகுத் தோல்தான் தேறும் என்பதால் மாட்டுக்கு ஒரு பைதான் வந்தது. நகரத்தார் லேப்டாப் வைத்துக்கொள்ள வாங்குவார்கள் என்று யாரோ சொன்னார்கள். உள்ளே ஆட்டு ரோமக் கம்பளம் வைத்துத் தைத்தாள். கையில் பிடிக்கலாம், தோளில் குறுக்கே போடலாம், கொக்கியை மாற்றினால் முதுகில் மாட்டலாம். எல்லாப் பட்டைகளையும் அவிழ்த்துத் தொங்கவிட்டால் நான்கு முனைகள். அந்த நான்கில்தான் அவை நடந்தன.

பைகள் வாசலில் நின்ற சத்தம் கேட்டு கெரிம்பெக் எழுந்தான். நான்கு மாதத்துக்குப் பிறகு தானாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஒவ்வொன்றாகத் தடவி, செத்த மாடுகளின் பெயர் சொல்லி, "இது கஷ்கா. இது ஆலா" என்றான். உம்சுனாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மறுநாள் உள்ளூர்ப் போலீஸ்காரன் தாலந்த், அவளுக்குத் தூரத்துத் தம்பி முறை, வந்து நின்றான்.

"அக்கா, இருபத்து மூணு புகார் வந்திருக்கு. திருட்டுன்னு எழுதியிருக்காங்க."

"நான் எங்கடா திருடினேன்? அதுங்களா வந்துச்சு."

"அதுங்களா வந்துச்சுன்னு நான் எந்தக் கட்டத்துல எழுதுறது? ஃபாரத்துல அப்படி ஒரு கட்டமே இல்லக்கா."

அவள் பைகளைச் சாக்குகளில் கட்டி வேனில் ஏற்றி அனுப்பினாள். வேன் திரும்பும் முன்பே கெரிம்பெக் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டான். இந்த முறை ரொட்டியையும் துப்பினான். ஒன்பதாம் நாள் பைகள் மீண்டும் வந்தன, அவனும் எழுந்தான். கொடுத்தால் இவன் சாவான், கொடுக்காவிட்டால் தான் சிறைக்குப் போவோம் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மூன்றாம் நாள் பைகளை வாங்கியவர்களே ஒரு மினிபஸ் பிடித்து வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவள் புருல், மொழிபெயர்ப்பு வேலை செய்பவள்.

"என் ஒரு வருஷ உழைப்பு இதுக்குள்ள இருக்கு. தெரியுமா உங்களுக்கு?"

"கம்ப்யூட்டர எடுத்துக்கம்மா. பைய மட்டும் விட்டுட்டுப் போ. உன் கால்ல விழறேன்."

"நான் எதுக்கு விடணும்? வாங்கினது பையத்தானே?"

புருல் தன் பையைத் தூக்கப் பார்த்தாள். அது அசையவில்லை. நான்கு ஆண்கள் சேர்ந்து இழுத்தார்கள். முழு மாட்டின் கனம் இருந்தது. கெரிம்பெக் அவர்களை மெல்ல விலக்கினான். "இழுக்காதீங்க. பசியோட செத்ததுங்க. ஒரு கோடை மேயட்டும். வயிறு நெறஞ்சா நானே ஓட்டிட்டு வந்து விடுறேன்" என்றான். புருல் குனிந்து அந்தப் பையைத் தடவிப் பார்த்தாள். பிறகு லேப்டாப்பை எடுத்துச் சால்வையில் சுற்றிக்கொண்டாள். மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். செப்டம்பருக்குள் பைகள் வராவிட்டால் வழக்கு என்று தாலந்த் எழுதி, உம்சுனாயின் அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டான்.

நடக்கவே தெம்பில்லாதவன் பைகளை ஓட்டிக்கொண்டு மலையேறினான். ஜூனில் மேலே பனி கொட்டியது. உம்சுனாய் ரொட்டி எடுத்துக்கொண்டு ஏறினாள். பட்டைகளின் தடம் ஒரு பாறையோடு முடிந்திருந்தது. ரொட்டிப் பையை ஒரு கழியில் கட்டிவிட்டு வந்து, ஒரு வாரம் கழித்துப் போனாள். ரொட்டி அப்படியே இருந்தது. அதன்பின் அவள் உயிரோடு இருப்பவனைத் தேடவில்லை. ஓடைக் கரையோரம் குச்சியால் பனியைக் குத்திக் குத்திப் பிணத்தைத் தேடினாள். "பை எல்லாத்தையும் நீயே வச்சுக்க, என்னை ஜெயில்ல வேணா போடட்டும், ஆள மட்டும் குடு" என்று மலையைப் பார்த்துக் கத்தினாள். ஜூலையும் ஆகஸ்டும் இப்படியே போயின. ஊர்ப் பெண்கள் துக்கம் கேட்க வந்தபோது அவள் கதவைத் திறக்கவில்லை.

செப்டம்பர் நான்காம் தேதி கெரிம்பெக் இறங்கி வந்தான். தாடி நரைத்திருந்தது, கன்னம் உப்பியிருந்தது. அவள் அவனை இரண்டு கையாலும் அடித்தாள். அடித்து ஓய்ந்தபின், "இத்தனை நாளா என்னத்தச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"பால் குடிச்சேன்."

பைகளின் தோல் எண்ணெய் தேய்த்ததுபோல மின்னியது. அவனே அவற்றைப் பிஷ்கெக்குக்கு ஓட்டிப்போய் வீடு வீடாக விட்டான். ஒன்றுகூட முரண்டு பிடிக்கவில்லை. உம்சுனாயின் அட்டை திரும்பி வந்தது. ஃபாரத்தில் தாலந்த் என்ன எழுதினான் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது மே மாதம் பிறந்தால் அந்த இருபத்து மூன்று வீடுகளிலும் லேப்டாப்பை வெளியே எடுத்து, பட்டைகளை அவிழ்த்து, கதவைத் திறந்துவைக்கிறார்கள். கோடை முழுக்கத் துணிப்பையோடு அலுவலகம் போகிறார்கள். சென்ற ஆண்டு இருபத்து நான்காக இறங்கி வந்தன. சின்னது புருலின் பையை ஒட்டியே நடந்து வந்தது. உம்சுனாய் திருப்பித் திருப்பிப் பார்த்தும் அதில் ஒரு தையல்கூட இல்லை. லேப்டாப் கொள்ளாது என்பதால் புருல் இப்போதைக்கு அதில் கைபேசியை வைத்திருக்கிறாள். இரண்டு வருஷத்தில் வளர்ந்துவிடும் என்று கெரிம்பெக் சொல்லியிருக்கிறான்.