மெம்பிஸ் ஆட்டத்தின் கழித்தல் குறி

ரோலண்ட் டக்கெட்டுக்கு என்ன விலை என்பதைப் புதன்கிழமை நண்பகலுக்குள் எழுதித் தர வேண்டும். எழுத வேண்டியவள் மார்வா டில்லார்ட். டொலீடோவின் அமெரிக்கக் கால்பந்து அணி ஆடிய ஆட்டங்களைப் படத்தில் பார்த்து ஆட்டக்காரர்களை எடைபோடுவது அவள் வேலை. டக்கெட் முப்பத்துமூன்று வயது ரிசீவர். எறிகிற பந்தை ஓடிப் பிடிப்பதுதான் ரிசீவரின் பிழைப்பு. அதிலும் டக்கெட் மாற்று ஆள். முன்னணியில் ஆடுகிற எவனாவது காலைச் சுளுக்கிக்கொண்டால்தான் இவனுக்குக் களத்தில் வேலை. போன பருவம் முழுக்கப் பிடித்த பந்து பத்தொன்பது.

பத்தொன்பது பந்துக்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று பொது மேலாளர் ஹாங்க் பெரெஸ்னிக் செவ்வாய்க்கிழமை காலையிலேயே அவள் அறை வாசலில் நின்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் தவக்காலம் தொடங்குவதால் அலுவலகம் முழுக்கப் பொன்ச்கி என்னும் ஜாம் பணியாரப் பெட்டிகள். அவர் கழுத்துப்பட்டையிலும் ஜாம். குறைந்தபட்சச் சம்பளம், ஒரே வருடம், அதுவும் பயிற்சி முகாமில் தேறினால் மட்டும். இது அவர் கணக்கு. இந்த வயதில் சொந்த அணியே இப்படித் தள்ளிவிட்ட மாற்று ஆளை வேறு அணி எதுவும் சீந்தாது. டக்கெட்டின் பதினோரு வருட ஆட்டம் அத்தோடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

மார்வாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. விலை எழுதுவதற்கு முன்னால் தான் போட்ட கழித்தல் குறிகளை எல்லாம் ஒருமுறை திரும்பப் பார்ப்பாள். ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் ஒவ்வொரு நகர்வுக்கும் கூட்டல் அல்லது கழித்தல் போட்டு, கீழே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடுவது அந்த அலுவலகத்து முறை. டக்கெட்டின் தாளில் பன்னிரண்டு கழித்தல்கள். அதில் மெம்பிஸ் அணியோடு ஆடிய ஆட்டத்துக் கழித்தல் ஒன்றே அவன் கழுத்துக்குப் போதும். கடைசி நிமிடம், பந்து உள்பக்கம் பறந்தது, அங்கே டக்கெட் இல்லை, மெம்பிஸ்காரன் பிடித்துக்கொண்டு ஓடினான். தோல்வி. பருவமே அதோடு போயிற்று. மறுநாள் காலை மார்வா எழுதிய வரி இது: “தவறான பாதையில் ஓடினான். புத்தி மந்தமாகிறது. இனி நம்ப முடியாது.” அதற்குக் கீழே ஹாங்கும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எழுதும்போது அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. டக்கெட்டே மைக்குகளுக்கு முன்னால் நின்று தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தான். குற்றவாளியே ஒப்புக்கொண்ட வழக்கில் சாட்சியை யார் தேடுவார்கள்?

இப்போது பார்க்கும்போது ஒன்று உறுத்தியது. படம் தொடங்கும்போதே டக்கெட்டின் கால் நிலைகொள்ளவில்லை. தலை வேறு பக்கம் திரும்பியிருந்தது. பதினோரு வருடம் ஆடியவன் பந்து கிளம்பும் நேரத்தில் எதற்காக அக்கம்பக்கம் பார்க்கிறான்? பந்து கிளம்புவதற்கு இரண்டு நொடி முன்னாலிருந்துதான் படத்தை வெட்டித் தருவார்கள். நேரம் மிச்சமாம். மார்வா கீழ்த்தளத்துக்கு இறங்கிப்போய் வெட்டாத படத்தைக் கேட்டு வாங்கி வந்தாள்.

அதில் எல்லாம் இருந்தது. அந்த நகர்வின் திட்டத்தில் டக்கெட் உள்ளிடம், கீஷான் ப்ரூ வெளியிடம். ப்ரூ இருபத்திரண்டு வயது நட்சத்திரம். ஹாங்க் தன் கையாலேயே தேர்ந்தெடுத்த பிள்ளை. அந்தப் பிள்ளை மறந்துபோய் உள்ளிடத்தில் வந்து நின்றுவிட்டது. டக்கெட் கையைக் காட்டினான், கத்தினான். ஆரவாரத்தில் ப்ரூ காதில் விழவில்லை. நேரம் தீரப்போகிறது. டக்கெட் ஓடிப்போய், காலியாகக் கிடந்த வெளியிடத்தில் நின்றான். எந்த இடத்தில் நிற்கிறாயோ அந்த இடத்தின் பாதையில் ஓட வேண்டும் என்பது அணியின் சட்டம். டக்கெட் அப்படியே வெளியே ஓடினான். ப்ரூவோ நின்ற இடத்தை மறந்து, தன் பெயருக்கு மனப்பாடம் செய்த பாதையில் அவனும் வெளியே ஓடினான். உள்ளே யாருமில்லை.

மார்வா திட்டத்தாளில் இருந்த பெயர்களை வைத்துக் குறி போட்டிருந்தாள், நின்ற இடத்தை வைத்து அல்ல. சரியாக ஓடியவனுக்குக் கழித்தல், சொதப்பியவனுக்குக் கூட்டல். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ‘புத்தி மந்தமாகிறது’ என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள்.

கையெழுத்திட்ட குறியை மாற்ற அந்த அலுவலகத்தில் ஒரே வழிதான். எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று பழைய வரியை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு சுவர்ப் பலகையில் தன் பெயருக்கு நேரே தானே சிவப்புக் கோடு போட வேண்டும். அது வருடம் முழுக்க அழியாமல் இருக்கும். ஆறு வருடங்களில் மார்வாவின் பெயருக்கு நேரே ஒரு கோடு கூட இல்லை. மனம் ஒரு நிமிடம் பேரம் பேசியது. குறியைத் தொடாமல் விலையை மட்டும் கொஞ்சம் ஏற்றி எழுதினால் யாருக்குத் தெரியும்? ஆனால் மெம்பிஸ் கழித்தல் இருக்கிற தாளுக்கு ஹாங்க் ஒரு சல்லிக்காசு கூடுதலாகத் தரமாட்டார் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். மீதிப் பதினோரு கழித்தல்களின் வெட்டாத படங்களையும் வரவழைத்தாள். அவற்றிலும் நான்கில் இதே கதை.

புதன்கிழமை கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள். பழைய வரியை ஒரு சொல் விடாமல் படித்தாள். படத்தை ஓடவிட்டாள். நெற்றியில் தவக்காலச் சாம்பல் சிலுவையோடு உட்கார்ந்திருந்த ஹாங்க் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார்.

“அவனே தன் தப்புன்னு சொன்னானே மார்வா?”

“வாய்தான் அப்படிச் சொல்லிச்சு ஹாங்க். கால் சரியாத்தான் ஓடியிருக்கு. நாம கால பாத்துதான எடை போடணும்?”

“அப்ப ப்ரூவோட கூட்டல்?”

ஹாங்க் தான் பெற்ற பிள்ளையைக் குறை சொன்னாலும் பொறுப்பார். தேர்ந்தெடுத்த பிள்ளையைச் சொன்னால் பொறுக்கமாட்டார்.

“அதையும் மாத்தணும். அஞ்சு எடத்துல ப்ரூ தப்பா நின்னிருக்கான். அஞ்சுலயும் டக்கெட் ஓடிப்போய் ஓட்டைய அடைச்சிருக்காரு. நாலு தடவ பந்து தப்பிச்சுது. அவரு போயிட்டா ப்ரூவுக்கு எடம் காட்ட ஆள் கெடையாது. ரெண்டு வருஷம், வருஷத்துக்கு இருவத்தஞ்சு லட்சம் டாலர். அதுக்குக் கீழ நான் கையெழுத்துப் போடமாட்டேன்.”

சொல்லிவிட்டு நேரே பலகைக்குப் போய்ச் சிவப்புக் கோட்டைப் போட்டாள். ஹாங்க் படத்தை நிறுத்தினார். இரண்டு வருடம் சரி, இருபது லட்சம்தான், அதற்கு மேல் வாயைத் திறக்காதே என்றார். மார்வா அந்த ஐந்து லட்சத்தை விட்டுக்கொடுத்து, திருத்திய ப்ரூவின் தாளை அவர் முன்னால் நகர்த்தினாள். பல்லைக் கடித்துக்கொண்டு அதிலும் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை டக்கெட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வந்தான். மிசிசிப்பிக்காரன், பெண்கள் யாராக இருந்தாலும் ‘மிஸ்’ போடாமல் பேசமாட்டான். போகிற வழியில் மார்வாவின் அறைக்குள் தலையை நீட்டினான்.

“மிஸ் மார்வா, நீங்க எனக்காகப் பேசுனதா ஏஜென்ட் சொன்னாரு. எந்த ஆட்டத்தப் பாத்தீங்க?”

“மெம்பிஸ்.”

அவன் முகம் மாறியது. கதவை மெல்லச் சாத்தினான்.

“அது என் தப்புதான், மிஸ் மார்வா. அன்னைக்கே சொன்னேனே. பையன் பேர இதுல இழுக்காதீங்க.”

மார்வா எழுந்து அவனைக் கூட்ட அறைக்குக் கூட்டிப்போனாள். பலகையில் அவள் பெயருக்கு நேரே இருந்த ஒற்றைச் சிவப்புக் கோட்டைக் காட்டினாள்.

“உங்க தப்பு இல்ல, என் தப்பு. இங்க போட்டிருக்கு பாருங்க.”

அந்தச் சிவப்புக் கோட்டின் விலை என்னவென்று டக்கெட்டுக்குத் தெரியும். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.