பத்து மணி அறை

1985ஆம் ஆண்டு வைகாசியில், வேலணையில் புடவைக்கடை வைத்திருந்த குகதாசனின் வீட்டுத் தையல் அறைக்குள் ஒரு காலை பத்து மணி வந்து, திரும்பிப் போகாமல் நின்றுவிட்டது. வெளியே மத்தியானமாகும், பொழுதுபடும், மழை பிடிக்கும். அந்த அறைக்குள் மட்டும் கிழக்கு யன்னல் கம்பிகளின் நிழல் தையல் மெசினின் காலடியில் அசையாமல் கிடந்தது. வெளிச்சத்தில் சூடில்லை. யன்னலைச் சாத்தினாலும் அது குறையவில்லை. யன்னலுக்கு வெளியே அடைந்த கோழி நேரம் குழம்பி நாளுக்கு இரண்டு முட்டை இட்டது. மீற்றர் பார்க்க வந்தவர் யன்னலால் அறையை ஒருமுறை எட்டிப் பார்த்தார்; வயர் எதுவும் ஓடாததால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

குகதாசன் பௌதிகம் படித்தவர். 1983 ஆடிக் கலவரத்தில் கொழும்பு ஆசிரியர் வேலையை விட்டுக் கப்பலில் வந்து சேர்ந்து, மறு ஆண்டு வேலணைப் புடவைக்கடைக்காரர் அம்பலவாணரின் மகள் தவமலரைக் கட்டினார். வீட்டோடு ஒட்டிய கடை சீதனமாக வந்தது. கலியாணக் கூறைச் சேலை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு என்பதால் அவரே தமக்கையோடு யாழ்ப்பாணம் போய், நல்ல நேரம் பொழுதுபட்ட பிறகுதான் என்று காத்திருந்து, ரியூப் லைற்றின் கீழே சிவப்பென்று பார்த்து ஒன்றை எடுத்தார். அதை உடுத்து மணவறைக்கு வந்த தவமலர் அவரிடம் பேசிய முதல் பேச்சு, "இது சிவப்பில்லை, மாதுளம்பூ" என்பது. அவர் சிவப்பு என்றார். புடவைக்கடைக்காரரின் மகளுக்கு நிறம் சொல்லிக் கொடுக்க ஏலாது. பட்டதாரிக்கு எதுவுமே சொல்லிக் கொடுக்க ஏலாது. வழக்கு அந்த வருடம் முழுக்க, சோற்றுக்கும் குழம்புக்கும் இடையில், இருவருக்கும் அலுக்காமல் நடந்தது.

வழக்கை வெல்வதற்காகவே குகதாசன் கடைக்குச் சரியான விளக்குத் தேடத் தொடங்கினார். தீவுச் சனம் எந்தச் சேலையையும் றோட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்க்காமல் வாங்காது. பொழுதுபட்டால் வியாபாரம் இல்லை. விளக்கு தன்னிடம் இல்லாத நிறத்தைத் துணிக்குக் கொடுக்காது, துணியும் அதைத் திருப்பித் தராது என்று அவர் தவமலருக்கு விளங்கப்படுத்தினார். மஞ்சள் குமிழை மாட்டினார். வெள்ளை வேட்டிகள் வெண்ணெயாகின, கருநீலம் கறுப்பாகியது. ரியூப் லைற் போட்டார். சிவப்புகள் செத்தன, வந்த ஆட்கள் காமாலைக்காரர் மாதிரித் தெரிந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டார். ஆளுக்கு இரண்டு நிழல் விழுந்தது, ஒரு கிழவி தன் இரண்டாவது நிழலைக் கண்டு பயந்து சீத்தைத் துணி வாங்காமலே போனாள். பெற்றோல்மக்ஸ் ஏற்றினார், ஊரிலுள்ள பூச்சியெல்லாம் வந்து பட்டுக்குள் புகுந்தன.

"உந்த விளக்குகளுக்கு ஏன் காசைக் கொட்டுறீர்?" என்றாள் தவமலர். "சனத்தைக் காலமை பத்து மணிக்கு வரச் சொல்லும். பத்து மணி வெளிச்சம் பொய் சொல்லாது."

வைகாசியில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சுகமாகிவிட்டதென்று எழும்பி, பாதியில் விட்ட சட்டையைத் தைக்க மெசினில் இருந்தவள், அதன் மேலேயே தலையைச் சாய்த்தாள்; பிறகு எழும்பவில்லை. அப்போது மணி பத்து. குகதாசன் அழவில்லை. எல்லாம் முடிந்த பின் அறைக் கதவைப் பூட்டினார். திறந்தால் வெளிச்சம் வெளியே வழிந்து தீர்ந்துவிடும் என்று நினைத்தார். கூறை அலுமாரிக்குள் கிடந்தது. அதை அந்த அறைக்குள் கொண்டுபோய்ப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் வழக்கு முடிந்திருக்கும். முடிந்த பின் வழக்காட ஆளில்லை. ஆகவே கூறையை அலுமாரியிலேயே விட்டுவிட்டு, ரியூப் லைற்றின் கீழே வியாபாரம் செய்தார்.

1987 தையில், புங்குடுதீவு அன்னபூரணம் பொழுதுபடுகிற நேரத்தில் வாடகைக் காரில் வந்து இறங்கினார். ஜேர்மனியிலிருந்து லீவில் வந்த மகனுக்கு அவசரக் கலியாணம். முதல்நாள் அந்திநேரம் வாங்கிப்போன கூறையை மேசையில் போட்டார்.

"தம்பி, இது என்ன நிறம்?"

"அரக்கு, அக்கா."

"ஓம், உம்மடை லைற்றுக்குக் கீழை அரக்குத்தான். காலமை என்ரை வீட்டு முத்தத்து வெயிலிலை காகம் மாதிரிக் கிடந்தது. நாளைக்கு விடியக் கலியாணம். என்ரை மருமோள் கறுப்பைக் கட்டிக்கொண்டோ மணவறைக்கு வாறது?"

"வேறை ஒண்டு எடுங்கோ."

"எதிலை பாத்து எடுக்க? நெருப்புக்குச்சி கிழிச்சோ?" என்ற அன்னபூரணம் வீட்டுப் பக்கம் திரும்பினார். "அந்தக் கதவுக்குக் கீழாலை வெயில் வருகுது. அங்கை என்ன?"

"அது என்ரை மனிசியின்ரை அறை. திறக்க ஏலாது, அக்கா. திறந்தா வெளிச்சம் போயிடும்."

அன்னபூரணம் கதவடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு, "தம்பி, புங்குடுதீவிலை நல்ல தண்ணிக் கிணறு எங்கடை வளவிலைதான் இருக்கு. அரைவாசி ஊர் வந்து அள்ளுது. நான் இன்னும் அடியைக் காணேல்லை" என்றார்.

குகதாசன் திறப்பை எடுத்துப் பூட்டைத் திறந்தார். வெளிச்சம் வழியவில்லை, வாசற்படியோடு நின்றது. அன்னபூரணம் பாதி தைத்த சட்டையைத் தொடாமல் மெசினைச் சுற்றிப் போய், இருபது கூறைகளை விரித்து, உண்மையான அரக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார். கலியாணம் நடந்தது.

பிறகு எழுவைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என்று சனம் வரத் தொடங்கியது. பொம்பிளைகள் சட்டைத்துணியைச் சேலைக்குப் பொருத்திப் பார்த்தார்கள். அல்லைப்பிட்டி இராயப்பு தன் வள்ளத்துக்குப் பூசும் நீலம் போன வருட நீலந்தானா என்று பெயின்ற் தகரத்தோடு வந்து பார்த்தார். மாமியாருக்குச் சேலை பார்க்க உள்ளே வந்த ஒரு மாப்பிள்ளையின் தலைமயிர்ச் சாயம் தெரிந்து, கலியாணம் குழம்பியது. எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது. அலுமாரி மட்டும் திறக்கப்படவில்லை.

1990 ஆவணியில் ஆமி வந்தபோது வேலணை ஒரே நாளில் வெறுமையானது. குகதாசன் கையில் அகப்பட்டதை ஒரு பொதியாகக் கட்டி, பழக்கத்தில் அறையைப் பூட்டிவிட்டு, இராயப்புவின் வள்ளத்தில் கடலைக் கடந்தார். கொக்குவிலில் கிடைத்த பாதி வீட்டில் பொதியை அவிழ்த்தால், உள்ளே நனைந்த கூறை மட்டும் இருந்தது. வேறு எதையும் எடுத்ததாக அவருக்கு நினைவில்லை. அறைக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டார். மின்சாரம் நின்றுவிட்டிருந்தது, ஜாம் போத்தல் மண்ணெண்ணெய் விளக்கில் அது மண்ணிறமாகத் தெரிந்தது. அது அவருக்கு வசதியாக இருந்தது; பகலிலும் யன்னலைச் சாத்தியே வைத்தார்.

ஒரு கிழமை கழித்து, கைவிட்ட வலையை எடுக்கக் களவாகத் தீவுக்குப் போய் வந்த இராயப்பு பின்னேரம் வாசலில் நின்றார்.

"மாஸ்ரர், உங்கடை சாமான் ஒண்டு என்ரை வள்ளத்திலை ஏறி வந்திட்டுது. பாரமில்லை. ஆனா மீனெல்லாம் விடிஞ்சு போச்சு எண்டு நினைச்சு வலைப்பக்கமே வரேல்லை. ஒரு நாள் உழைப்புப் போச்சு."

அவர் ஒதுங்கி வழிவிட, பத்து மணி உள்ளே வந்தது. கடற்சாதாளைப் பாசி மணத்தது; நீலம் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. கொக்குவில் யன்னலுக்குக் கம்பியே இல்லை. ஆனாலும் நிலத்தில் வேலணைக் கம்பிகளின் நிழல் விழுந்தது. கயிற்றில் கூறை விரிந்து கிடந்தது. கண்ணை எங்கே திருப்பினாலும் அதுதான் நின்றது.

குகதாசன் நீலத்தைக் கழித்துப் பார்த்தார். கிட்டப் போய்ப் பார்த்தார். முந்தானையை விரலால் தூக்கி மறுபக்கமும் பார்த்தார். இராயப்பு சொல்லாமலே போய்விட்டார்.

"ஓம்," என்றார் குகதாசன். "நீர் சொன்னதுதான். மாதுளம்பூ."

அன்று அவர் நெடுநேரம் அழுதார். காலையில் பார்த்தபோது, ஐந்து வருடம் அசையாத கம்பி நிழல் ஒரு விரல்கடை நகர்ந்து கிடந்தது. கணக்குப் பார்த்தார்; பத்தேகால்.

மண்ணெண்ணெய் விலை ஏறியதால் கொக்குவிலிலும் சனம் வரத் தொடங்கியது. பக்கத்து ஒழுங்கையில் இடம்பெயர்ந்திருந்த அன்னபூரணம் இரண்டாவது மகனுக்கு எடுத்த கூறையோடு வந்தார். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, இது முந்தின வெளிச்சமில்லையே. கொஞ்சம் ஏறியிருக்கு."

"ஓம், அக்கா. இப்ப பத்தேகால்."

அன்னபூரணம் தலையாட்டிவிட்டுக் கூறையை விரித்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பத்தேகாலிலும் நிறம் சரியாகத்தான் தெரிந்தது.