மெர்வின் வேண்டாமென்று சொன்னது

அந்த வருடத்தில் கிளெனிஸுக்கு அடிபட்டது அது மூன்றாவது தடவை. முதலில் உதடு கிழிந்தது. அடுத்து இடது மணிக்கட்டு முறிந்தது. இப்போது கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுத்திருந்தது. ஊர் கிளினிக்கில் நர்ஸ், அவள் கணவர் மெர்வினை வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"வீட்ல நீங்க பயமில்லாம இருக்க முடியுதா?"

கிளெனிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெர்வினா? ஹியூவன் ஆற்றங்கரையில் நாற்பது வருடம் ஆப்பிள் தோட்டம் பார்த்தவர். மரப்பட்டையைக் கடித்துத் தின்னும் பாஸம் என்ற சிறு விலங்கைச் சுடக் கை வராமல் பக்கத்துத் தோட்டக்காரரைக் கூப்பிடுகிறவர். தூக்கத்தில்தான் அடிக்கிறார் என்று அவள் சொன்னாள். சொல்லும்போதே அது அவள் காதுக்கே பொய் போலக் கேட்டது. நர்ஸ் தலையை ஆட்டிக்கொண்டே பெண்களுக்கான உதவி மையத்தின் தொலைபேசி எண்ணை எழுதி அவள் கையில் வைத்தாள்.

கனவு மெர்வினுக்கு நன்றாக நினைவிருந்தது. பெரும்பாலும் நாய்கள். கூட்டமாக வந்து கிளெனிஸைச் சூழ்ந்துகொள்ளும். அவர் உதைத்தும் குத்தியும் விரட்டுவார். விழித்துப் பார்த்தால் அவள் தரையில் கிடப்பாள்.

"உன்னைக் காப்பாத்திட்டுத்தான் இருந்தேன் கிளென்."

"போதும் கிழவா. இதுக்கு அந்த நாய்ங்களே பரவாயில்ல."

இருவரும் சிரித்தார்கள். ஆனால் ஊர் சிரிக்கவில்லை. பதினோரு வருடம் மெர்வினோடு ஜோடி சேர்ந்து புல்வெளியில் பந்துருட்டும் ஆட்டம் ஆடிய கீத், தோள் வலி என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே வேறொருவரோடு ஆடினார். மெர்வினிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பார்.

பிறகு மகள் லீயன், லான்செஸ்டனிலிருந்து மூன்று மணி நேரம் காரோட்டி வந்து அம்மாவின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். கிளெனிஸ் எவ்வளவோ விளக்கிப் பார்த்தாள்.

"அம்மா, எல்லாப் பொம்பளைங்களும் இப்படித்தான் சொல்றாங்க."

மெர்வின் தடுக்கவில்லை. பெட்டியை அவரே தூக்கிக் காரில் வைத்தார். கிளெனிஸிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "போயிட்டு வா. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. உள்ள எங்கேயோ அப்படி ஒருத்தன் இருக்கானோ என்னவோ."

அடி வாங்கியபோது வராத அழுகை அவளுக்குக் காரில் வந்தது.

ஆறு வாரம் மகள் வீட்டில் இருந்தாள். மெர்வின், அடக்கிக்கொள்ள முடியுமா என்று பார்க்க, தன் மணிக்கட்டைக் கட்டிலோடு கயிற்றால் கட்டிக்கொண்டு படுத்தார். கயிறு அறுத்த புண்ணைக் காட்டப் போனபோதுதான், கிளினிக்கில் தற்காலிகமாக வந்திருந்த ஓர் இளம் டாக்டர் முழுக் கதையையும் காது கொடுத்துக் கேட்டார். ஹோபார்ட்டில் தூக்க நோய் பார்க்கும் டாக்டர் ஹாலோரனுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார்.

அங்கே தலையிலும் காலிலும் ஒயர்களை ஒட்டி மெர்வினை ஓரிரவு தூங்கவைத்துப் படம் பிடித்தார்கள். காலையில், வந்திருந்த கிளெனிஸும் லீயனும் மெர்வினோடு உட்கார்ந்து அதைப் பார்த்தார்கள். கண் மூடியபடியே மெர்வின் காற்றை உதைத்தார். "கிளென், ஓடு, ஓடு" என்று கத்தினார். லீயன் பாதியிலேயே எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். மன்னிப்பு என்ற சொல் அவள் வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. அன்று வீடு திரும்பும் வழியில், சிப்பிக்கறி வைத்துச் சுட்ட, அப்பாவுக்குப் பிடித்த 'ஸ்காலப் பை' பண்டத்தை வாங்கி, சூடு ஆறாமல் அவர் மடியில் வைத்தாள்.

டாக்டர் ஹாலோரன் பொறுமையாக விளக்கினார். கனவு வரும் நேரத்தில் எல்லோருக்கும் மூளை உடம்பைப் பூட்டி வைக்கும். மெர்வினுக்கு அந்தப் பூட்டு தளர்ந்துவிட்டது. அவருடைய குணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மெலடோனின் மாத்திரையை மூன்று மில்லிகிராமில் தொடங்கித் தேவைப்பட்டால் கூட்டலாம். உடம்பே இரவில் சுரக்கிற பொருள்தான் அது. தினமும் படுக்கப் போகும் முன் போட வேண்டும். கட்டிலைத் தாழ்வாக வைத்துக்கொள்ளவும் சொன்னார்.

அப்புறம் பேனாவை மூடி வைத்தார். "வரப்போற வருஷங்களைப் பத்தி ஒரு விஷயம் இருக்கு. சிலர் தெரிஞ்சுக்க விரும்புவாங்க, சிலர் வேணாம்பாங்க. நீங்க சொல்லுங்க."

மெர்வின் யோசிக்கவே இல்லை. "வேணாம் டாக்டர். என் பொண்டாட்டி அடிபடாம இருந்தா போதும்." தொப்பியை எடுத்துக்கொண்டு காருக்குப் போய்விட்டார்.

கிளெனிஸ் நாற்காலியை விட்டு எழவில்லை; தனக்குத் தெரிய வேண்டும் என்றாள். அவர் சம்மதிக்காமல் எப்படி என்று டாக்டர் தயங்கினார். அவள் வாசலுக்கு ஓடி, தான் கேட்டுக்கொள்ளலாமா என்று மெர்வினிடம் கேட்டுவிட்டு வந்தாள். "உன் இஷ்டம். என்கிட்ட மட்டும் சொல்லாத" என்றிருந்தார்.

இந்தக் கோளாறு வந்தவர்களில் பெரும்பாலானோருக்குச் சில வருடங்களில் பார்க்கின்சன் நோயோ, அதோடு தொடர்புள்ள மறதி நோயோ வரும். எப்போது என்று சொல்ல முடியாது. தடுக்க இதுவரை மருந்தில்லை. மாத்திரை கை காலை அடக்கும், அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

மூன்று மில்லிகிராமில் உதைப்பும் கத்தலும் பாதியாகக் குறைந்தன. ஆறாக்கியதும் இரவுகள் அமைதியாகிவிட்டன. கிளெனிஸ் பழைய கட்டிலுக்குத் திரும்பினாள். கீத்கூட ஒருநாள் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, ஆட வருகிறாயா என்று கேட்டார். மெர்வின் போனார்.

அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவள்தான், நோயின் அறிகுறி ஏதும் தெரிகிறதா என்று, பகலெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பால் திரிந்த வாடை அவருக்குத் தெரியவில்லை. ஆப்பிள் பெட்டிகளில் ஒட்டும் சீட்டில் அவர் எழுத்து எறும்பு எறும்பாகச் சிறுத்தது. ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றையும் சொல்லவில்லை.

ஷெட்டில் ஹியூவன் பைன் மரப் பலகைகள் கிடந்தன. ஒரு சின்னப் படகு கட்ட மெர்வின் சேர்த்து வைத்தவை. இந்தக் கோடையில் ஆரம்பிக்கலாமா என்பார். பிறகு, என்ன அவசரம், அடுத்த கோடையில் பார்த்துக்கொள்ளலாம் என்பார். கிளெனிஸ் வாய்வரை வந்ததை விழுங்கிக்கொள்வாள். அப்படி இரண்டு கோடை போனது.

மூன்றாவது வருடம், அப்பா நடக்கையில் வலது கை வீசவில்லை என்பதை லீயன் கவனித்துச் சொன்னாள். ஹோபார்ட்டில் பரிசோதித்து, பார்க்கின்சன் என்றார்கள். வீடு திரும்பியதும் மெர்வின் கேட்டார்:

"அன்னைக்கு டாக்டர் சொன்னது இதுதானா?"

"ஆமா."

அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "படகை இப்பவே கட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் கிளென். காரணம் சொல்லியிருக்க வேணாம்."

"சொல்லாதன்னியே."

"ஆமா, சொன்னேன்."

இரண்டு நாள் அவர் ஷெட்டிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் சாப்பாட்டை வைத்துவிட்டு வந்தாள். அவர் கேட்டது நியாயம்தான் என்று பட்டது. தான் செய்ததில் தப்பில்லை என்றும் பட்டது.

மூன்றாம் நாள் காலை மெர்வின், சட்டையை மாட்டியபடி அடுப்படிக்கு வந்து அவள் முன்னால் நின்றார். பொத்தான்கள் திறந்திருந்தன.

"விரல் கேக்க மாட்டேங்குது. போட்டு விடு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். கண்ணீரில் கண் மங்கியதில் தடுமாறினாள்.

"ஒன்னை விட்டுட்ட பாரு" என்றார் அவர். அவள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள். முடிகிறவரை அவர் அசையாமல் நின்றார்.